போடிங் வீடு யாருடைய சீதனம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வலிகாமம் மேற்கில், அம்மம்மாவின் ஊரில், நடுவில் முற்றம் உள்ள ஒரு பெரிய நாற்சார் வீடு இருக்கிறது. ஊரில் எல்லாரும் அதை ‘போடிங்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெளியூர் வாத்திமாரும் அங்கே தங்கியிருந்தார்களாம். அம்மம்மா எங்கள் வீடு என்கிறா. சிலர் கிறிஸ்தவ மிஷன் சொத்து என்கிறார்கள். கோயில் தருமத்துக்கு எழுதினது என்றும் ஒரு கதை இருக்கிறது. காணி உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், 1995 இடப்பெயர்வில் றங்குப்பெட்டியோடு தொலைந்துவிட்டது. போடிங் நடத்தியவர் அம்மம்மாவின் தகப்பன். அவருடைய பெயரில் காணிப் பதிவகத்தில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வீடு யார் யார் கையில் இருந்து வந்தது என்று எப்படி அறிவது?

அவருடைய பெயரில் தேடியதுதான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் அனேகமாகப் பெண் வழியில் இறங்கும். மகனுக்குத் தோட்டக்காணியோ வயலோ போகும், அல்லது படிப்புச் செலவோடு கணக்கு முடிந்துவிடும். வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார், அவர் படித்தவராக இருந்தால் போடிங்கும் நடத்துவார், ஊர் அந்த வீட்டை அவர் பெயரால் அழைக்கும். உறுதியில் உரித்தாளி, அதாவது சொந்தக்காரி, அவருடைய மனைவி. ஆகவே போடிங் நடத்தியவரை விட்டுவிட்டு, அந்த வீடு யாருக்குச் சீதனமாக எழுதப்பட்டது என்று தேடத் தொடங்குங்கள். அம்மம்மாவின் தாய், அவவின் தாய் என்று மேலே போக வேண்டும்.

இதற்குப் பின்னால் யாழ்ப்பாணத்தின் வழக்கச் சட்டமான தேசவழமை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (அந்தப் பகுதியின் அதிகாரி) இந்த வழக்கங்களைத் தொகுத்தார். ஊர்த் தலைவர்களான 12 முதலிமார் பார்த்துச் சரி என்ற பிறகு 1707இல் அது சட்டமானது. ஆங்கிலேயர் 1806இல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அதன்படி சொத்து மூன்று வகை: தாய்தகப்பன் வழி வரும் முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், கலியாணத்துக்குப் பிறகு புருஷன் பெண்சாதி சம்பாதித்த தேடியதேட்டம். சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள் பிறகு முதுசத்தில் பங்கு கேட்க முடியாது என்பது பழைய முறை. உங்கள் அம்மம்மாவுக்குச் சகோதரிகள் இருந்தால் இது முக்கியம். அவர்களுக்கு வேறு வீடு சீதனமாகப் போயிருந்தால் இந்த வீட்டில் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பங்கு வராமல் போகலாம்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது என்று அது சொல்கிறது. ஆனால் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ அவ புருஷனின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும். அதனால் அந்தக் காலத்து உறுதிகளில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலேயே புருஷனின் பெயரும் கையொப்பமும் இருக்கும். உறுதி எழுதிக் கொடுக்கும் நொத்தாரிசின் கந்தோருக்குப் போனவர் அவர், பேசியவர் அவர், கையெழுத்து வைத்தவரும் அவர். ஊர் நினைவில் அவரே சொந்தக்காரர் ஆகிவிட்டார். உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். கலியாணத்துக்குப் பிறகு உழைத்த காசில் அவர் வாங்கிய காணியாக இருந்தால் அது தேடியதேட்டம். அப்போது உறுதி அவர் பெயரில் மட்டும் இருந்தாலும், ஒருவர் செத்தால் பாதி மற்றவருக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. காணி சீதனம், மேலே கட்டின வீடு அவருடைய காசில் என்ற கலவையும் நிறைய உண்டு. அதில்தான் வழக்குகள் வருகின்றன.

சரி, மிஷன் கதைக்கு வருவோம். அது வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்களை அமைத்தது. 1823இல் வட்டுக்கோட்டை செமினறி, 1824இல் உடுவில் பெண்கள் போடிங் பள்ளிக்கூடம். பிள்ளைகளை வீட்டுச் சூழலிலிருந்து பிரித்து வைத்திருந்தால்தான் மதமும் படிப்பும் ஏறும் என்று மிஷனரிமார் நம்பியதால், இந்தப் பகுதியில் பள்ளிக்கூடத்தோடு போடிங்கும் கூடவே வந்தது. ஆனால் சைவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களின் வளவில் சமைத்ததை உண்ண மறுத்தார்கள். பக்கத்தில் இருந்த சைவரின் காணியில் தனிச் சமையற்கொட்டில் போட வேண்டி வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மிஷனின் பிள்ளைகள் இருந்த இடமெல்லாம் மிஷனின் காணி என்று ஆகாது. பள்ளிக்கூடம் அவர்களுடையது, பிள்ளைகள் அவர்களுடையவர்கள், சோறு வெந்த காணி இன்னொருவருடையது. ஆரம்பத்திலிருந்தே நிலைமை அப்படித்தான்.

சைவப் பக்கத்திலும் இதே மாதிரிதான். 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய பிறகு ஊரூராகச் சைவப் பள்ளிக்கூடங்கள் வந்தன. 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், நம்மவர் ‘இந்து போட்’ என்பது, நிறையப் பள்ளிக்கூடங்களை நடத்தியது. தூரத்துப் பிள்ளைகள் தங்குவதற்கு எல்லாப் பள்ளிக்கூடங்களாலும் கட்டிடம் கட்ட முடியவில்லை. பக்கத்தில் பெரிய வீடு வைத்திருந்தவர்கள் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். தீவுப்பகுதியிலிருந்து வந்த பெடியள் மாதம் முடிய அரிசியும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்துத் தங்கிப் படித்த வீடுகள் எத்தனையோ. அவை எல்லாவற்றுக்கும் பெயர் போடிங்தான். பிறகு பஸ் ஓடத் தொடங்கி, ஊருக்கு ஊர் மகா வித்தியாலயங்களும் வந்தவுடன் இவை தன்பாட்டில் மூடுப்பட்டன.

இப்படிப்பட்ட வீடுகளில் நான் அடிக்கடி கண்ட ஒன்றை உங்கள் வீட்டிலும் தேடிப் பாருங்கள்: ஒற்றி. ஒற்றி என்றால் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியையோ வீட்டையோ அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தவுடன் சொந்தக்காரரிடம் விட்டுவிட வேண்டும். போடிங் நடத்த நினைத்த ஒருவருக்கு வாடகையைவிட ஒற்றி வசதி. கையில் உள்ள காசைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் வீட்டை வைத்திருக்கலாம். சொந்தக்காரருக்கு மகளின் கலியாணச் செலவுக்குக் காசு கிடைக்கும். இருபது, முப்பது வருடம் ஒற்றியில் இருந்த வீட்டை அடுத்த தலைமுறை தங்கள் வீடு என்றே நினைக்கும். உங்கள் குடும்பம் ஒற்றிக்குக் கொடுத்த பக்கமாகவும் இருக்கலாம், வாங்கிய பக்கமாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் அம்மம்மாவிடம் அதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ஒற்றிக்கு வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த இருப்பினால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

இனித் தேடும் வழி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணிக் கைமாற்றம் செல்லாது. நொத்தாரிசு ஒரு உறுதியை எழுதினால் மூலப்பிரதி சொந்தக்காரரிடம் போகும், ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொரு பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். றங்குப்பெட்டியோடு தொலைந்தது முதலாவது மட்டும்தான். கவனிக்க வேண்டிய விஷயம்: அந்தப் பிரதி பதிவகத்துக்குப் போவது வேறு, உறுதி பதியப்படுவது வேறு. பதிவுக்குக் கொடுக்காமலே பெட்டியில் வைத்துவிட்ட சீதன உறுதிகள் ஏராளம். குடும்பத்துக்குள் நடப்பதுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம். அப்படிப்பட்ட உறுதி, தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்கும்போது அகப்படாது. ஆனால் நொத்தாரிசு அனுப்பிய பிரதி, பதிவகத்தில் அவருடைய பிரதிகளைக் கட்டி வைத்த கட்டுக்குள் இருக்கும்.

அந்தக் கட்டைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இரண்டு விவரம் தேவை. ஒன்று, கலியாணத் திகதி. சீதன உறுதி கலியாணத்துக்கு முன், அனேகமாக அதற்குச் சில நாட்களுக்குள் எழுதப்பட்டிருக்கும். அதைக் கையில் வாங்காமல் மாப்பிள்ளை வீட்டார் நாள் வைக்க மாட்டார்கள். விவாகப் பதிவிலிருந்தோ கோயில், தேவாலயப் பதிவேட்டிலிருந்தோ திகதியை எடுக்கலாம். மற்றது, அந்த ஊருக்கு அந்தக் காலத்தில் உறுதி எழுதிய நொத்தாரிசு யார் என்பது. ஒரு பகுதியில் ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று பேர்தான் எழுதியிருப்பார்கள். அம்மம்மாவிடம் வீடு யாருடையது என்று திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டுவிட்டு, அவவின் கலியாணத்துக்கு உறுதி எழுதினவர் யார், அவவின் தாயின் கலியாணத்துக்கு எழுதினவர் யார் என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் வயதானவர்களின் ஞாபகம் ஆச்சரியப்படும்படி இருக்கும். நொத்தாரிசு குடித்த தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்பதுகூட வரும்.

பதிவான உறுதிகளுக்குத் தோம்பு பார்க்க வேண்டும். அதற்கு ஆள் பெயரைவிடக் காணிப் பெயர் உதவும். நம்முடைய காணிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு என்பது வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ அங்கே பயன்படாது. காணிப் பெயரும் கோயிற்பற்றும் (காணி இருக்கும் பழைய ஊர்ப்பிரிவு) தெரிந்தால் அந்தக் காணிக்கான பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். அதில் யார் யாருக்கு, எந்தத் திகதியில், என்ன வகை உறுதியால் கொடுத்தார், நொத்தாரிசு யார், உறுதி இலக்கம் என்ன என்று வரிசையாக இருக்கும். பக்கம் நிரம்பினால் தொடர்ச்சி எந்தத் தொகுதியில் என்று குறிப்பிருக்கும். முந்தியது எங்கிருந்து வந்தது என்றும் இருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துப் பின்னால் பின்னால் போக வேண்டியதுதான். பதிவு இருப்பதால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்பதையும் மனதில் வையுங்கள். இந்த முறையில் பதியப்படுவது உறுதி என்ற பத்திரம் மட்டும்தான்; உரித்தை நீதிமன்றம்தான் தீர்மானிக்கும்.

காணிப் பெயர் தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரர்களின் உறுதியை வாங்கிப் பாருங்கள். இதை யாரும் நினைப்பதில்லை. நம் உறுதிகளில் நான்கெல்லையும் ஆள் பெயரால் சொல்லப்படும்: கிழக்கும் வடக்கும் இன்னார் பெண் இன்னார், மேற்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரும் பங்காளிகளும் (காணியில் பங்குள்ள மற்றவர்கள்) என்று. ‘இன்னார் பெண்’ என்றால் இன்னாரின் மனைவி. உங்கள் வளவுக்கு மேற்கே இருப்பவரின் 1930ஆம் ஆண்டு உறுதியில் கிழக்கெல்லை யார் என்று பார்த்தால், அன்றைக்கு உங்கள் வளவின் சொந்தக்காரி யார் என்று தெரிந்துவிடும். அயலவரின் உறுதிகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கினால் உங்கள் வீட்டின் உரித்து வரலாறு ஓரளவுக்கு எழுந்து வரும். பழைய எல்லைப் பெயர்களை மாற்றாமல் அப்படியே திரும்ப எழுதிவிடும் பழக்கமும் நொத்தாரிசுகளுக்கு உண்டு, ஆகவே ஒரு உறுதியை மட்டும் நம்ப வேண்டாம். அளவையும் ஒப்பிடுங்கள். 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். பழைய உறுதியில் எட்டுப் பரப்பு என்றும் பின்னையதில் ஆறு என்றும் இருந்தால், இடையில் இரண்டு பரப்பு யாருக்கோ போயிருக்கிறது. அது மிஷனுக்கோ கோயிலுக்கோ போன துண்டாக இருக்கலாம். ஊர்க் கதைக்கு அதுவே மூலமாகவும் இருக்கலாம்.

இன்னும் இரண்டு இடங்கள். அந்தக் குடும்பத்தில் யாராவது உயில் எழுதியோ எழுதாமலோ பெரிய சொத்தோடு செத்திருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு நடந்திருக்கும். அதில் சொத்துப் பட்டியல் இருக்கும். காணி எப்போதாவது பங்கு பிரிக்கும் பிரிவிடல் வழக்குக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது, வமிசாவளி முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்கும். சோலைவரி (வீட்டு வரி) ரசீதை மட்டும் பெரிதாக எடுக்க வேண்டாம். வரி கட்டுபவர் பெயர் அது. குடியிருந்தவர் பெயரில் பல தலைமுறை ஓடியிருக்கும்.

கோயில் தருமத்துக்கு எழுதினது என்ற கதையைச் சோதிப்பது சுலபம். அப்படி எழுதியிருந்தால் ஒரு தருமசாதன உறுதி இருக்கும்; தருமம் என்ன, யார் நடத்துவது, அவருக்குப் பிறகு யார் என்றெல்லாம் அதில் இருக்கும். மடங்களுக்கும் குருபூசைகளுக்கும், ஏன், சிதம்பரத்தில் இருந்த நம்மவர் மடங்களுக்குங்கூட, இங்கே காணி எழுதி வைத்த வழக்கம் உண்டு. தருமத்தை நடத்தியவரின் மகளுக்கு அதே காணி சீதனமாக எழுதப்பட்ட கதைகளும் உண்டு. அப்படி எழுதியதால் தருமச் சொத்து குடும்பச் சொத்தாகிவிடாது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அக்கறையுள்ளவர்கள் நீதிமன்றம் போகலாம். உங்கள் தேடலில் அந்த உறுதி வந்தால் அதை மறைத்து வைக்காமல் முதலிலேயே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மிஷன் கதையில் பார்க்க வேண்டியது 1960ஐயும் 1961ஐயும். உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்த காலம் அது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டப்படி பாடசாலைச் சொத்தை அரசுக்கு உரித்தாக்கும் கட்டளை வர்த்தமானியில் வர வேண்டும். உங்கள் வீடு உண்மையில் பள்ளிக்கூடத்தின் போடிங்காக இருந்து அரசிடம் போயிருந்தால் அதில் அகப்படும். அப்படிப் போகாமல் மிஷனிடமே இருந்தால், அமெரிக்க மிஷன் வழி வந்ததைத் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனத்திடமும், கத்தோலிக்கருடையதை ஆயர் இல்லத்திடமும் விசாரிக்கலாம். கடிதம் எழுதும்போது ‘எங்கள் வீடு’ என்று தொடங்காமல் காணிப் பெயரையும் எல்லையையும் கொடுத்து, இப்படி ஒரு காணி உங்கள் பட்டியலில் உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேறு ஆட்கள் இருந்தால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின் பத்து வருடம் என்ற கதை வரும். சொந்தக்காரருக்கு எதிராக, தடையில்லாமல் பத்து வருடம் ஆண்டவர் உரித்துக் கேட்கலாம். இடப்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் வந்த 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. ஆனால் அதன் கீழ் வழக்கு வைக்கக் கொடுத்த இரண்டு வருட அவகாசம் முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பவர் உங்கள் உறவினர், அதாவது பங்காளி என்றால் விஷயம் வேறு. ஒரு பங்காளியின் இருப்பு எல்லாப் பங்காளிகளின் இருப்பாகவே பார்க்கப்படும் என்பது 1911இல் கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கிலிருந்து நிலைத்த விதி. மற்றவர்களை ஒதுக்கிவிட்டேன் என்று வெளிப்படையாகக் காட்டாத வரைக்கும் பத்து வருடம் ஓடத் தொடங்காது. சும்மா இருக்கட்டும் என்று சொல்லி வைக்கப்பட்டவருக்கும் அப்படித்தான். வீட்டைப் பூட்டி, யாரிடமாவது “பார்த்துக்கொள்” என்று சாவியைக் கொடுத்திருந்தால், அதைக் கண்ட ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே சத்தியக் கடதாசி எடுத்து வையுங்கள்.

நீங்கள் இப்போது வெளிநாட்டுக் குடியுரிமையோடு இருப்பவர் என்றால் பயப்பட வேண்டாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. முதுசமாக வருவதை அது தடுக்கவில்லை. பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கப் பார்த்தால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் கேட்க உரிமை இருக்கிறது.

தேடி முடிக்கும் முன் யாருக்கும் அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) அனுப்பாதீர்கள். “கையெழுத்து மட்டும் வைத்து அனுப்புங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன்” என்று ஊரிலிருந்து ஒருவர் கட்டாயம் கேட்பார். அவர் நல்லவராகவும் இருக்கலாம். உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியாத நிலையில் எதை விற்க, எதைப் பிரிக்க அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. தோம்பு பார்க்கவும் உறுதிப் பிரதி எடுக்கவும் அற்றோணித் தத்துவம் தேவையில்லை. காணிப் பெயரும், இரண்டு கலியாணத் திகதிகளும், நொத்தாரிசின் பெயரும் கிடைத்தவுடன் எழுதுங்கள். எந்தத் தொகுதியிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று சொல்கிறேன்.